பகல் தூக்கம் விற்றவள்

இருபத்திரண்டு வருடங்களாக நான் தூக்கம் விற்றுப் பிழைக்கிறேன். விசிட்டிங் கார்டில் விற்பனை மற்றும் மார்க்கெட்டிங் மேலாளர் என்று கௌரவமாகப் போட்டிருக்கும். ஆனால் ஒரு ஹோட்டலில் உள்ளபடி விற்பனைக்கு இருப்பது என்ன? கட்டிலை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. நீச்சல் குளத்தைப் பெட்டியில் மடித்து வைப்பதில்லை. ஒருவர் வந்து கண்ணை மூடுகிறார், திறக்கிறார், போய்விடுகிறார். நடுவில் இருந்த இருட்டைத்தான் விற்கிறோம். அதற்காக நான் எழுதிய வாசகங்களைச் சேர்த்தால் ஒரு தாலாட்டுப் புத்தகமே போடலாம். ‘மேகத்தின் மடியில் ஓர் இரவு’ என்று ஒன்று. மேகத்துக்கு ஏது மடி என்று என் மகள் கேட்டாள். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இருந்தவரை நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "அம்மா, விளம்பரம் போடாத" என்பாள்.

இந்தத் தொழிலுக்குள் நான் வந்தது காது வழியாக. ஒரு சின்ன ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவு. ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேஜை, ஒரு போன், போனுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்த கைக்கண்ணாடி. சிரித்துக்கொண்டு பேசினால் அது குரலில் தெரியும் என்பது அன்றைய மேலாளரின் கொள்கை. நாள் முழுக்க என் பல்லை நானே பார்த்துக்கொண்டு ‘வணக்கம், சொல்லுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து விற்பனைக்கு மாற்றினார்கள். தோளில் ஒரு பை, பை நிறைய வழவழப்பான சிற்றேடுகள், ஒரு நாளைக்கு எட்டுக் கம்பெனிகளின் படிக்கட்டுகள். எந்த வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எந்த அலுவலகத்தில் காத்திருப்பவருக்குத் தண்ணீர் தருவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான்கு ஹோட்டல் மாறினேன். ஒவ்வொன்றிலும் நாற்காலி கொஞ்சம் பெரிதானது. ஆனால் மார்க்கெட்டிங் டைரக்டர் என்கிற கடைசி நாற்காலி மட்டும் இரண்டு முறை கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிட்டு, வெளியிலிருந்து வந்த யாருக்கோ போய்விட்டது. இரண்டு முறையும் நான்தான் பூங்கொத்து கொடுத்து வரவேற்றேன். சிரித்துக்கொண்டேதான்.

இத்தனை வருடத்தில் வெளியில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நான் விற்ற எந்த அறையிலும் நான் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. எங்கள் தொழிலில் ‘காட்டுகிற அறை’ என்று ஒன்று இருக்கும். யாருக்கும் கொடுக்காமல், விரிப்பில் சுருக்கம் விழாமல், பார்க்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருப்பது. அதற்குள் ஆயிரம் தடவை நுழைந்திருப்பேன். மெத்தையை இரண்டு விரலால் ஒரு அமுக்கு அமுக்கி, "எப்படி இருக்கு பாருங்க" என்பேன். முழுதாக உட்கார்ந்ததுகூட இல்லை. சுருக்கம் விழுந்துவிடுமே.

என் வீட்டுக்காரருக்கு நேர்மாறான வேலை. நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றி அனுப்பும் பம்ப் நிலையத்தில் அவர் இரவுப் பணியாளர். கல்யாணமான நாள் முதல் பத்தொன்பது வருடமாக, ஊர் படுக்கும்போது எழுந்து ஊர் எழும்போது படுக்கிறவர். மாலை ஏழரைக்குக் கிளம்புவார், காலை எட்டுக்கு வருவார். நான் காலை எட்டேகாலுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டைத் தாண்டிவிடும். ஆக எங்கள் இல்லறத்துக்கு வாரநாளில் கிடைத்தது கால் மணி நேரம். அதிலும் நான் ஒரு கையால் காதணி மாட்டிக்கொண்டிருப்பேன், அவர் ஒரு கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருப்பார். "ஒரே தலையணையில ரெண்டு ஷிப்ட் போடுறோம்" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

போன வருடம், மழை விட்டு வெயில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த சமயம், எங்கள் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். கோபம் வந்தால் குரல் இறங்கும். சந்தோஷம் வந்தால் கையில் இருக்கும் பேனாவை டக் டக்கென்று அமுக்குவார். அன்று டக் டக்.

"மேடம், ஒரு ஏர்லைன்ஸ் வருது. பைலட்டுங்க, மத்த ஊழியருங்க தங்குறதுக்கு நாப்பது ரூம் வேணுமாம். தினமும். அஞ்சு வருஷத்துக்கு."

தினமும் நாற்பது அறை. எங்கள் மாதிரி ஹோட்டலுக்கு அது ஐந்து வருடம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி.

"இதை முடிச்சுக் குடுங்க. ஒண்ணாம் தேதியிலருந்து டைரக்டர் நாற்காலி உங்களது. எழுதியே தரேன்."

"முடியலைன்னா?"

பேனா நின்றது. "தலைமை ஆபீஸ்ல ஒருத்தரைப் பார்த்து வெச்சிருக்காங்க. முப்பத்தோரு வயசு. நீங்க மறுபடியும் பூங்கொத்து வாங்க வேண்டியிருக்கும்."

மூன்றாவது பூங்கொத்து. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். சும்மா பெருந்தன்மையாகப் பேசுவானேன், வெறியாகவே வேண்டும்.

அந்த ஏர்லைன்ஸுக்கு ஹோட்டல் பார்த்துச் சொல்பவர் ஒரு பெண்மணி. முப்பது வருடம் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கேப்டன் அம்மா. போனில் என் சிற்றேட்டுக் குரலை எடுத்து நீச்சல் குளத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் குளத்தைத் தாண்டவே விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. எங்க ஆளுங்க ராத்திரி பூரா முழிச்சு ஓட்டிட்டு காலைல வருவாங்க. உங்க ஹோட்டல்ல பகல்ல தூங்க முடியுமா?"

"தாராளமா மேடம்."

"அப்போ வியாழக்கிழமை காலைல நானே வரேன். ஒன்பது மணிக்குப் படுப்பேன், மூணு மணிக்கு எந்திரிப்பேன். நடுவுல ஒரு தடவை முழிச்சாலும் அடுத்த ஹோட்டலைப் பார்த்துட்டுப் போயிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

தாராளமா என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் யோசித்தேன். பகலில்தான் ஒரு ஹோட்டல் எழுந்து, குளித்து, தலை வாரிக்கொள்கிறது. தூசி உறிஞ்சும் மெஷின் கத்தும். துணி வண்டி கடகடக்கும். கூட்ட அரங்கத்தில் எவனாவது ‘ஹலோ ஹலோ’ என்று மைக்கைத் தட்டுவான். பகல் தூக்கத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் என் வீட்டில் இருந்தார்.

"ஹோட்டலுக்கா? நானா? வந்து என்ன பண்ணணும்?" என்றார் வீட்டுக்காரர்.

"தூங்கணும். அவ்வளவுதான். எது உங்களை எழுப்புதுன்னு நான் பார்க்கணும்."

"இதுக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை வேலை முடிந்த கையோடு சாப்பாட்டுப் பையும் கிரீஸ் கறைச் சட்டையுமாக வந்து நின்றார். வாசலில் காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்ததும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் வேலை செய்யும் இடத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

நாலாவது மாடி, லிப்டிலிருந்து கடைசியாக இருந்த அறை, 417. பம்பைச் சோதிக்கிற மாதிரி அறையைச் சோதித்தார். முதலில் காது, பிறகு கை. சுவரில் காதை வைத்தார். தரைவிரிப்பில் குப்புறப் படுத்துக் கதவின் அடியில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பார்த்தார்.

"இங்க பாரு, ரெண்டு திரையும் சேருற இடத்துல ஒரு கோடு. பத்து மணிக்கு வெயில் இந்தப் பக்கம் திரும்பும். அந்தக் கோடு நேரா வந்து மூஞ்சியில விழும். அந்தக் குட்டி ஃபிரிட்ஜ் இருக்கே, அது விட்டு விட்டு முனகுது. ஒரேயடியா முனகினாக்கூடத் தூங்கிடலாம். நின்னு நின்னு முனகினா தூங்க முடியாது. அடுத்தது எப்போன்னு மனசு காத்துக்கிட்டே கிடக்கும்."

இதையெல்லாம் இந்த மனிதர் எங்கே கற்றார் என்று ஒரு கணம் வியந்தேன். அடுத்த கணம் எங்கள் வீட்டுப் படுக்கையறையின் மெல்லிய பூப்போட்ட திரை ஞாபகம் வந்தது. நான்தான் ஆசை ஆசையாக வாங்கி மாட்டினேன். வாயை மூடிக்கொண்டு குறிப்பெழுதினேன்.

திரையை இழுத்து, நடுவில் உடைமாட்டியின் கிளிப்பைப் போட்டுக் கவ்வவிட்டோம். விளக்கை அணைத்ததும் காலை ஒன்பது மணிக்கு அறைக்குள் இருட்டு வந்து நிறைந்தது. அவர் படுத்தார். நான் மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த இருட்டைப் பற்றி நான் என்ன சொல்வேன்? இத்தனை வருடம் அதற்கு வாசகம் எழுதினேன், அதற்குள் உட்கார்ந்ததில்லை. வெளியே ஊர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நேரம் நடக்காமல் மிதந்தது. கண் பழகப் பழக, கட்டிலின் வெள்ளை மட்டும் மெல்ல மேலே எழும்பி வந்தது, அதன்மேல் அவர். நான் உட்கார்ந்திருக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியவில்லை. எங்கோ கீழே குழாய்களில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அது கட்டிடத்தின் சத்தமா அவருடைய மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த மனிதர் தூங்கும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகிறது? தலையில் நரை இவ்வளவு ஏறியிருப்பதை அந்த இருட்டில்தான் பார்த்தேன்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் அவர் எழுந்து குறை சொல்வார், நாங்கள் சரி செய்வோம். எங்கள் அறைப் பராமரிப்புத் தலைவி நாலாவது மாடி வண்டிச் சக்கரங்களுக்குத் துணி சுற்றினார். எல்லோரும் அவரை அக்கா என்போம். கூரையில் புகை உணரும் கருவியில் மினுங்கிய பச்சைப் புள்ளிக்குக்கூட ஒரு காகித ஒட்டு வந்தது. ஏசி பார்க்கும் அண்ணன் ஃபிரிட்ஜைப் பிடுங்கி வெளியே வைத்தார், அந்த மாடியில் மட்டும் லிப்ட் மணி அடிக்காமல் பண்ணினார். பணியாளர்கள் காலுறையோடு நடந்தார்கள். புதன்கிழமை நாலாவது மாடித் தாழ்வாரத்தில் போய் நின்றால், பெரிய ஒரு பிராணியின் வயிற்றுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு அமைதி, அவ்வளவு கதகதப்பு.

ஒன்றே ஒன்றுதான் பிடிபடவில்லை. மூன்று நாளும், மணி பதினொன்று ஆனால், அவர் கண்ணைத் திறந்தார். அதுவரைக்கும் அவர் தூக்கம் மேலாகவே இருக்கும், இமை ஆடிக்கொண்டே இருக்கும். பதினொன்றுக்கு டக்கென்று விழிப்பார். நாற்காலிப் பக்கம் திரும்புவார். என்னைப் பார்ப்பார். அந்தப் பக்கம் புரண்டு படுப்பார். அதற்குப் பிறகு இடியே விழுந்தாலும் தெரியாது, நாலு மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். என் தாளில் சிவப்பு மையில் ‘பதினொன்று?’ என்று எழுதி வட்டம் போட்டேன்.

புதன்கிழமை அந்தப் பதினொன்றைப் பிடிக்கப் படையே கிளம்பியது. அக்கா தாழ்வாரத்தில் நின்றார். ஏசி அண்ணன் குளியலறைக் குழாயில் காதை வைத்துக் குந்தியிருந்தார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். மணி பதினொன்று. ஒரு சத்தமும் இல்லை. அவர் விழித்தார். குளியலறையிலிருந்து ஏசி அண்ணன் தலையை நீட்டி, "பேய் கீய் இருக்குமா மேடம்?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடமே கேட்டேன். "என்னதாங்க கேட்டுச்சு பதினோரு மணிக்கு?"

"ஒண்ணும் கேக்கல. அது பழக்கம்மா. ரூம் மேல குத்தமில்ல."

என் மனசு நோகக் கூடாதென்று எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேரம் இல்லை.

வியாழக்கிழமை கேப்டன் அம்மா வந்தார். குட்டையான உருவம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. 417-க்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் இருட்டிலேயே நின்றார். "நல்ல இருட்டா இருக்கு" என்றார். அதைக் கேட்டபோது, என் வாசகத்துக்கு யாரோ விருது கொடுத்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறைக்கு வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பையும் தரக் கூடாது என்று ஆபரேட்டரிடம் சொல்லியிருந்தேன். இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

பத்து மணிக்குக் காலைக் கூட்டம். ஜி.எம்.மின் பேனாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. முடிந்து பதினொன்றுக்கு என் இடத்துக்கு வந்தேன். மேஜையில் தினசரி வருகிற தாள் இருந்தது.

அதை இங்கே விளக்கியாக வேண்டும். எங்கள் தொழிலில் மரியாதை அழைப்பு என்று ஒரு வழக்கம். முக்கியமான விருந்தினர் அறைக்குப் போனதும், விற்றவரே போன் செய்து ‘எல்லாம் சௌகரியமா இருக்கா?’ என்று விசாரிக்க வேண்டும். காலைக் கூட்டம் முடிந்ததும் அன்றைய பட்டியலை வரவேற்புப் பிரிவு என் மேஜையில் வைத்துவிடும். விற்பனைக்கு வந்த நாளிலிருந்து பதினொன்றுக்கு நான் செய்கிற முதல் வேலை அது. யோசித்துச் செய்வதில்லை. பல் தேய்க்க யாராவது யோசிப்பார்களா? இடது கையில் தாள், வலது கையில் ரிசீவர், உதட்டில் சிரிப்பு. பட்டியலில் முதல் வரி 417. விரல் பாட்டுக்கு அழுத்தியது. ஹோட்டலுக்குள்ளேயே அடிக்கிற போனுக்கு ஆபரேட்டர் எதற்கு?

ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

"தூங்கலை, சொல்லுங்க."

"எல்லாம் சௌகரியமா" என்றவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவர்க்கடிகாரத்தையும் தாளையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சௌகரியமாத்தாம்மா இருந்துது" என்றார் கேப்டன் அம்மா. "கீழ வரேன்."

ரிசீவரை வைக்கத் தோன்றவில்லை. அந்த நாற்காலி போனது ஒரு பக்கம் உறைத்தது. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அந்தக் குரல். துளித் தூக்கமில்லாமல், கசங்காமல், இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி வந்த குரல். ‘தூங்கலை, சொல்லுங்க.’ அந்தக் குரலை நான் தினமும் கேட்கிறேன். பட்டியலை முடித்துவிட்டு, கடைசியாக என் வீட்டுக்கு ஒரு போன் போடுவேன். காலையில் பேச நேரமிருக்காதே, சாப்பிட்டாரா, படுத்தாரா என்று ஒரு வார்த்தை. வாரம் ஆறு நாள், பத்தொன்பது வருடம். ஒரே மணியில் எடுப்பார். "தூங்கலை, சொல்லு" என்பார், இதே குரலில். விடியவிடிய விழித்துவிட்டு வந்து படுத்த மனிதர் பதினொன்றுக்கு எப்படித் தூங்காமல் இருப்பார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஹோட்டலில் ஏசி அண்ணனும் அக்காவும் குழாய்க்குள்ளும் கதவிடுக்கிலும் தேடிய சத்தம் நான்தான்.

வரவேற்பறையில் கேப்டன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

"ரூம்ல ஒரு குறையும் இல்லம்மா. இந்த மாதிரி இருட்டை நான் எங்கயும் பார்த்ததில்ல. ஆனா எங்க ஆளுங்களை ரூம் எழுப்பாது. நல்ல மனசுள்ளவங்கதான் எழுப்புவாங்க. உங்க பழக்கத்தை மாத்த முடியாது, உங்களுக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்திருப்பீங்க."

சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான்கு ஹோட்டலிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜி.எம். எதுவும் திட்டவில்லை. குரல் தரைக்கு இறங்கியிருந்தது. "நீங்களா மேடம்?" என்றார், அவ்வளவுதான். பேனாவை மேஜையில் படுக்க வைத்தார்.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. இனி செய்யவே மாட்டேன் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டரைக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. நடந்தேன். நடுப்பகலில் நான் தெருவில் நடந்து எத்தனை காலம்! வெயில் தேன் மாதிரி மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. பாதிக் கதவு இறக்கிய கடைக்குள் ஒருவர் மேஜையில் தலை சாய்த்திருந்தார். வண்டி நிழலில் ஒரு நாய், அதன் வயிறு மட்டும் ஏறி இறங்கியது. மாடி ஜன்னல்களில் திரை போட்ட வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் யாரோ இரவு வேலை முடித்தவர் தூங்குகிற மாதிரி தோன்றியது. ஊரே அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தது. நானும் கால் தரையில் பாவாமல் நடந்தேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. சாவியைப் பூட்டில் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அந்தப் பூட்டு திருகும்போது கடக்கென்று ஒரு சத்தம் போடும். கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தூங்குகிறார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். மணி ஒன்றரை. அவமானத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, உண்மையாகவே வந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இந்த மனிதரைத் தூங்க விட்டிருக்கிறேன். ஒரு முழுப் பகல். என்னால் கொடுக்க முடிந்தது.

சுவரில் சாய்ந்ததும் எனக்கும் கண் சொக்கியது. கனவா நினைப்பா தெரியாது. நாலாவது மாடித் தாழ்வாரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வெதுவெதுப்பாக. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொரு அறையிலும் கட்டில் படகு மாதிரி ஆடியது, ஒவ்வொன்றிலும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பது கட்டில், நாற்பது பேர், எல்லாம் அவரே. நான் சத்தமில்லாமல் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே போனேன்.

கதவு திறந்த சத்தத்தில் விழித்தேன். மணி நாலு. அவர் வெளியே கிளம்புகிற உடுப்பில் நின்றார். காலில் செருப்பு, கையில் போன். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன.

"நீயா? இங்க என்ன பண்ற? எப்போ வந்த?"

"ஒன்றரைக்கு."

"ஒன்றரையிலருந்து இங்கயா உக்காந்திருக்க? சாவி இல்லையா?"

"இருக்கு. நீங்க தூங்குவீங்களேன்னு…"

"எங்க தூங்குறது?" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. "பதினோரு மணிக்கு உன் போன் வரல. பன்னெண்டுக்கும் வரல. போனை நெஞ்சு மேல வெச்சுட்டு மோட்டுவளையைப் பார்த்துட்டுக் கிடக்கேன். உனக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு… இப்போ ஹோட்டலுக்குத்தான் கிளம்பினேன்."

"நீங்க ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"எப்படிப் போடுறது? நீ அந்தம்மா ரூம் வாசல்லயே நின்னுட்டிருந்தா? உன் போன் கத்தி அவங்க முழிச்சுட்டா? உன் நாற்காலி போயிடுமேம்மா."

நாற்காலி போய்விட்டது என்றேன். போன் போட்டு எழுப்பியது நானேதான் என்றேன். அப்புறம் அதையும் கேட்டேன். "உங்களையும் தினம் இப்படித்தானே எழுப்பியிருக்கேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? தூங்கலை தூங்கலைன்னு இத்தனை வருஷம் பொய் சொன்னீங்களே."

"பொய்யா?" அவர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "நெஜமாவே தூங்க மாட்டேன். கண்ணை மூடிட்டுக் கிடப்பேன். உன் போன் வரும். ஒரு வார்த்தை பேசுவ. அப்புறம்தான் எனக்குத் தூக்கமே. நமக்குன்னு ஒரு நாளைக்கு வேற என்ன இருக்கு?"

சட்டென்று ஏதோ உறைத்தது போல என் பக்கம் திரும்பினார். உதடு துடித்தது.

"ஏம்மா, எனக்கு வர வேண்டிய போனைத் தூக்கி அந்தம்மாவுக்கா குடுத்துட்ட?"

சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நடுவில் எப்போதோ என் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. நாற்காலிக்காகவும்தான் அழுதேன், பொய் சொல்வானேன். ஆனால் அதற்காக மட்டும் இல்லை.

உள்ளே கூட்டிப் போய்ப் படுக்க வைத்தேன். பூப்போட்ட திரை வழியாக வெயில் அறை முழுக்க விழுந்தது, தெருவில் யாரோ எதையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டார். இமை ஆடவில்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

ஏழரைக்கு அவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஆறரை வரை கடிகாரத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மனசே இல்லாமல் தோளைத் தொட்டேன். பத்தொன்பது வருடத்தில் அவரை நான் தூக்கத்திலிருந்து எழுப்பியது அதுதான் முதல் தடவை.